வயசாகிற அம்மா அப்பாக்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி?

முப்பத்தொரு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வயது 67, வீடு வேலூர் தோட்டப்பாளையம். காலையில் கோட்டைப் பக்கம் நடக்கப் போனால் நடக்கிற நேரத்தைவிட நின்று பதில் சொல்கிற நேரம்தான் அதிகமாகிறது. "சிஸ்டர், ஒரே ஒரு டவுட்டு" என்று ஆரம்பிப்பார்கள், ஒன்பது டவுட்டு வரும். கேட்பவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் பெங்களூரிலோ சென்னையிலோ துபாயிலோ இருக்கிறார்கள். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் வாயால் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும். நான் டாக்டர் இல்லை. மாத்திரையைக் குறைப்பது, கூட்டுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான்.

"அறுபத்தஞ்சு தாண்டிடுச்சு, இனிமே உடம்பைப் பார்த்து இன்னா ஆவப்போவுது சிஸ்டர்?"

இதைக் கேட்கிறவர்கள் எல்லாம் நன்றாக நடமாடுகிறவர்கள். படுக்கையில் விழுந்தவர் ஒருவர்கூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. அறுபத்தைந்துக்கு மேல் இன்னும் பதினைந்து இருபது வருஷம் இருக்கப்போகிறோம் என்றால், அதில் எத்தனை வருஷம் நாமாகவே எழுந்து பாத்ரூம் போய் வருவோம் என்பதுதான் என் கணக்கு. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, யாரையும் பிடிக்காமல் எழ முடிகிறதா? சுகர் நம்பர், பிபி நம்பர் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகின்றன.

தசை நடு வயதிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய ஆரம்பித்துவிடும், அறுபதுக்கு மேல் வேகம் கூடும். ஆனால் தசைக்கு வயசு தெரியாது, வேலை கொடுத்தால் வலு வரும். தொண்ணூறு வயதுக்காரர்களுக்குக்கூடப் பளுப் பயிற்சி கொடுத்து, கால் வலு கூடியதை ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

"வீட்டு வேலையே நாள் பூரா செய்யறேன், தனியா வாக்கிங் வேற எதுக்கு?"

வீட்டு வேலையும் கணக்கில் வரும். துணியைப் பிழிந்து பக்கெட்டோடு மாடிக்குத் தூக்கிப் போய்க் காயப்போடுவது நல்ல உழைப்புதான். ஆனால் அடுப்படியில் மூன்று மணி நேரம் நின்றால் வருவது அலுப்பு. அலுத்துப்போனதையே உடற்பயிற்சி என்று நினைத்துக்கொள்வது நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் செய்கிற தப்பு, நானும் செய்திருக்கிறேன். மூச்சு கொஞ்சம் வேகமாக வர வேண்டும். நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது, அந்த அளவு.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம். ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை, பத்துப் பத்து நிமிஷமாகவும் நடக்கலாம். அதோடு வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்கு வேலை, மூன்று நாள் பேலன்ஸுக்கான பயிற்சி என்றும் சொல்கிறார்கள். நடப்பவர்களில் பலர் இந்தக் கடைசி இரண்டையும் தொடுவதே இல்லை. விழுந்து எலும்பை உடைத்துக்கொள்ளாமல் காப்பாற்றுவது அந்த இரண்டும்தான்.

"பத்தாயிரம் ஸ்டெப் நடக்கணுமாமே? பையன் வாட்ச் வாங்கி அனுப்பியிருக்கான், அது என்னைத் திட்டிக்கினே இருக்குது."

வாட்ச் திட்டட்டும். பத்தாயிரம் என்ற எண் டாக்டர்கள் உட்கார்ந்து கண்டுபிடித்தது இல்லை. 1965ல் ஜப்பானில் நடை எண்ணும் கருவி ஒன்றுக்கு "பத்தாயிரம் அடி மீட்டர்" என்று பெயர் வைத்து விற்றார்கள், அதுதான் உலகம் பூரா ஒட்டிக்கொண்டது. நம் வயதுக்கு ஆறாயிரம் ஏழாயிரம் அடியிலேயே பெரும்பங்கு பலன் கிடைத்துவிடுகிறது. இப்போது இரண்டாயிரம் நடக்கிறீர்கள் என்றால் அடுத்த மாதம் மூவாயிரம் ஆக்குங்கள், போதும்.

"என் கால்ல வலு இருக்குதா இல்லையான்னு வீட்லயே எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

கை வைக்காத சாதாரண நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, முழுசாக எழுந்து முழுசாக உட்கார வேண்டும். முப்பது வினாடியில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ண ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். 65 முதல் 69 வயதுக்குள் பெண் என்றால் 11, ஆண் என்றால் 12, அதற்குக் கீழே போனால் விழும் ஆபத்து கூடுதல். 70 முதல் 74க்குள் பெண்ணுக்கு 10, ஆணுக்கு 12. கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் மதிப்பெண் பூஜ்யம்தான், வருத்தப்பட வேண்டாம், அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

சோதனையே பயிற்சியும்கூட. காலையில் பத்து, சாயந்திரம் பத்து, முதலில் கையை ஊன்றிக்கொண்டு, பிறகு ஊன்றாமல். பேலன்ஸுக்கு, சமையல் மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பால் பொங்குகிற வரை ஒற்றைக் காலில் நில்லுங்கள், அப்புறம் கால் மாற்றுங்கள். பாலும் பொங்கி வழியாது, நீங்களே பக்கத்தில் நிற்கிறீர்கள்.

"முட்டி வலிக்குது சிஸ்டர், நடந்தா இன்னும் தேஞ்சிடாதா?"

எங்கள் தெருவில் ஓர் அக்கா, நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். முறத்தை மடியில் வைத்துக் காலை மடக்கி உட்கார்ந்தால் எழுந்திருப்பது சாப்பாட்டுக்குத்தான். 61 வயதில் முட்டி வலி என்று ஆறு மாதம் கட்டிலைவிட்டு இறங்காமலே இருந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்தால் தொடை என் கை அளவுக்கு மெலிந்துவிட்டது, வலி மட்டும் அப்படியே இருந்தது. முட்டியைத் தாங்கிப் பிடிப்பது முன்தொடைத் தசை. அதற்கு ஓய்வு கொடுக்கக் கொடுக்க, பாரம் எல்லாம் மூட்டு மேலேயே இறங்குகிறது.

அவர் ஆரம்பித்தது இப்படி. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பாத விரலைத் தன் பக்கம் இழுத்து, பத்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்குவார். ஒரு காலுக்குப் பத்து, இரண்டு வேளை. ஒரு மாதம் கழித்து நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைச் சேர்த்தோம். இப்போது ரேஷன் கடைக்கு நடந்தே போய் வருகிறார். வலி போய்விட்டதா என்றால் போகவில்லை, ஆனால் வலியோடு வேலை நடக்கிறது. நடக்கும்போது லேசாக வலித்து, நின்ற பிறகு சீக்கிரம் அடங்கினால் பரவாயில்லை. முட்டி வீங்கிச் சிவந்து சூடாக இருந்தாலோ, பூட்டிக்கொண்டாலோ, ராத்திரி தூங்க விடாமல் வலித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

வலி மாத்திரையைக் கடையில் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை எல்லாம் கிட்னியைப் பாதிக்கும், வயிற்றில் ரத்தக் கசிவு வரும், பிபியை ஏற்றும். சுகரும் பிபியும் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பொட்டலத்தில் பெயரே இல்லாமல் தருகிற "மூட்டு வலிப் பொடி" இரண்டே நாளில் வலியை மாயமாக்கினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது புதிய விஷயம் இல்லை.

"நம்ம ஊரு வெயில்ல எப்போ நடக்கிறது?"

வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள். சுற்றி இருக்கிற மொட்டைப் பாறை மலைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரிதான் விடுகின்றன. அதனால் மே மாதத்தில் சாயந்திரம் ஆறு மணி என்பது நடக்கிற நேரம் இல்லை. ஏழு மணிக்குள் முடிகிற மாதிரி விடியற்காலையில் போங்கள், முடியாத நாளில் வீட்டுக் கூடத்திலேயே பாட்டுப் போட்டுக்கொண்டு நடங்கள்.

வயசானால் தாகம் எடுப்பதே குறைந்துவிடும். "தாகமே இல்லை சிஸ்டர்" என்பது உடம்பில் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் பத்தவில்லை. பிபிக்காகவோ இருதயத்துக்காகவோ நீர் பிரிய மாத்திரை போடுகிறவர்கள், கோடை தொடங்கும் முன்பே டாக்டரிடம் "வெயில் நாளில் இதே அளவா?" என்று கேட்டுவிடுங்கள். கிட்னியிலோ இருதயத்திலோ பிரச்சினை என்று தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் அந்த அளவுதான், நான் சொல்கிறேன் என்று கூடக் குடிக்காதீர்கள். கிட்னி பழுதானவர்களுக்கு இளநீரும் ஆகாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

"ஆஸ்பத்திரில பார்த்தா பிபி 160, வீட்ல பார்த்தா 130. எது நிஜம்?"

இரண்டுமே நிஜமாக இருக்கலாம். படி ஏறி, வரிசையில் நின்று, வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் ஏறுகிற பிபி ஒன்று, வீட்டில் நிதானமாக இருக்கும்போது இருக்கிற பிபி ஒன்று. ஆனால் வீட்டில் எடுப்பதைச் சரியாக எடுக்க வேண்டுமே. காபி குடித்து அரை மணி ஆகியிருக்கணும், சிறுநீரை அடக்கிக்கொண்டு இருக்கக் கூடாது. முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். கை மேஜை மேல், நெஞ்சு உயரத்தில். ஜாக்கெட் கைக்கு மேலேயே பட்டியைச் சுற்றாதீர்கள். பேசக் கூடாது, சீரியலும் வேண்டாம். ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு முறை எடுத்து இரண்டையும் எழுதி வையுங்கள். காலையும் சாயந்திரமுமாக ஒரு வாரம் எழுதிய தாளைக் கொண்டுபோய்க் காட்டினால், எந்த டாக்டரும் உங்களை மரியாதையாகப் பார்ப்பார்.

வீட்டு அளவில் 135/85க்கு மேலேயே நின்றால் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். நம்பர் நன்றாக வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், மாத்திரை போட்டதால்தான் அந்த நம்பர் வந்தது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றிலும் இருக்கிற உப்பையும் கணக்கில் சேருங்கள், நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன்.

"ராத்திரி எழுந்தா தலை கிர்ருனு சுத்துது, வயசானா அப்படித்தானே?"

அப்படித்தான் என்று நானும் நினைத்தேன். 64 வயதில், ராத்திரி இரண்டு மணிக்கு, பாத்ரூம் போக எழுந்தேன். லைட் போட்டால் வீட்டுக்காரர் விழித்துக்கொள்வார் என்று இருட்டிலேயே நடந்தேன். கண் இருட்டியது, கால்மிதி வழுக்கியது (பழைய புடவையை மடித்து நானே தைத்த கால்மிதி), இடது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு உடைந்தது. முப்பத்தொரு வருஷம் நோயாளிகளிடம் "மெதுவா எழுந்திருங்க" என்று சொன்னவள்! மாவுக்கட்டு பிரித்த பிறகு மேலே சொன்ன நாற்காலிச் சோதனையைச் செய்து பார்த்தேன், எட்டுதான் வந்தது. இப்போது பதின்மூன்று.

படுத்திருந்து எழும்போது பிபி சட்டென்று இறங்குவதால் வரும் தலைசுற்றல் இது. எழுந்து மூன்று நிமிஷத்துக்குள் மேல் நம்பர் 20 அல்லது கீழ் நம்பர் 10 இறங்கினால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். பிபி மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை, தண்ணீர் குறைவு, எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். எழும்போது முதலில் கட்டில் ஓரத்தில் உட்காருங்கள், கணுக்காலைப் பத்து முறை ஆட்டுங்கள், எழுந்து ஒரு கணம் நின்று, பிறகு நடங்கள். ராத்திரி விளக்கு ஒன்று எரியட்டும். பாத்ரூமில் கைப்பிடி போடுங்கள், துண்டு மாட்டுகிற கம்பி உங்கள் எடையைத் தாங்காது. கால்மிதியைத் தூக்கிப் போடுங்கள்.

"கேழ்வரகு களி துன்னா சுகர் ஏறாதுன்னு சொல்றாங்களே?"

நான் களி பிரியை, அதனால் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். கேழ்வரகில் கால்சியம் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு, நல்ல தானியம். ஆனால் அதே 100 கிராமில் மாவுச்சத்து 70 கிராம் அளவுக்கு இருக்கிறது. ஒரு பெரிய உருண்டைக் களி என்பது ஒரு தட்டுச் சோறுதான். கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். ஜவ்வாது மலைச் சாமை என்றாலும் இதேதான், அளவு முக்கியம். களியைச் சின்ன உருண்டையாக்கி, கீரைக் கடைசலையும் பயறுக் குழம்பையும் கூடுதலாக்குங்கள்.

நம் தட்டில் நிஜமான குறை புரதம்தான். பல் சரியில்லை, தனியாகச் சமைக்க அலுப்பு என்று ராத்திரி ரசம் சாதத்தோடு முடித்துக்கொள்கிற அம்மாக்கள் எத்தனை பேர்! வயதானவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்கிறார்கள். 60 கிலோ என்றால் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, நம் வட ஆற்காட்டு மல்லாட்டை (வேர்க்கடலை) ஒரு கைப்பிடியில் 7. நாஷ்டாவுக்கு வெறும் இட்லி சட்னியோடு நிறுத்தாமல் ஒரு முட்டையோ சுண்டலோ சேர்த்துக்கொள்ளுங்கள். மல்லாட்டை மெல்ல முடியாதா, சட்னியாக அரைத்துவிடுங்கள். கிட்னி பாதிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"சுகர் மாத்திரை போட்டுக்கிட்டு புரட்டாசி சனிக்கிழமை ஒருபொழுது இருக்கலாமா? எங்க வீட்ல நோன்பு, நாங்க வைக்கலாமா?"

இரண்டு பேர் ஒரே காலையில் கேட்டார்கள், ஒருவர் கொசப்பேட்டை, ஒருவர் பேர்ணாம்பட்டு, அதனால் பதிலும் ஒன்றாகவே. எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சுகர் தாழ்ந்துபோகும் பயம் குறைவு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ இன்சுலினோ என்றால் பட்டினி ஆபத்து, அளவையும் நேரத்தையும் முன்கூட்டியே மாற்றித் தர வேண்டும். டாபாகிளிஃபுளோசின் மாதிரி மாத்திரை உடம்பிலிருந்து நீரையும் வெளியேற்றும், தண்ணீர்கூடக் குடிக்காத நோன்பில் அதையும் பார்க்க வேண்டும். ரமலானுக்கு ஆறேழு வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள், முதல் நாள் போய் நிற்காதீர்கள். சுகர் பார்க்க விரலில் குத்தினால் நோன்பு முறியாது என்று பல ஆலிம்கள் சொல்லியிருக்கிறார்கள்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் வந்தால் உடனே சுகர் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் விரதம் அங்கேயே முடிந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். மெஷின் கையில் இல்லையென்றால் யோசிக்காமல் குடித்துவிடுங்கள். பெருமாளும் கோபித்துக்கொள்ள மாட்டார், அல்லாவும் கோபித்துக்கொள்ள மாட்டான்.

"பௌர்ணமிக்கு கிரிவலம் போறோம், செருப்பில்லாம பதினாலு கிலோமீட்டர் நடக்கலாமா?"

திருவண்ணாமலை நமக்கு எண்பது கிலோமீட்டர்தான், போகாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. தினம் நடக்காதவர் ஒரே ராத்திரியில் 14 கிலோமீட்டர் நடக்கக் கூடாது. இரண்டு மாதம் முன்பிருந்தே தினசரி நடையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அன்றைக்கு ஒவ்வொரு லிங்கத்திடமும் உட்கார்ந்து எழுந்து போங்கள், எட்டு லிங்கம் இருப்பது நம் முட்டிக்கு வசதிதான்.

சுகர் இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டிப் படுங்கள். பேரனோ பேத்தியோ உங்கள் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலும், விரலால் லேசாகத் தொடட்டும், அழுத்தக் கூடாது. தொட்டதும் "வலது", "இடது" என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் காலில் உணர்வு குறைந்திருக்கிறது. அப்படிப்பட்டவர் வெறுங்காலோடு கோயில் பிரகாரத்தைத் தாண்டக் கூடாது. கண்ணாடித் துண்டு குத்தி, மூன்று நாள் கழித்து நாற்றம் வந்த பிறகு காட்ட வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். அருணாசலேஸ்வரர் காலைக் கேட்கவில்லை. செருப்பு உறுத்துகிறது என்றால் மெத்தென்ற, பின்பக்கம் வார் வைத்ததாக வாங்குங்கள்.

"பெங்களூர்ல பொண்ணு வீட்ல பேரனைப் பார்த்துக்கிறேன். பதினாலு கிலோ, தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு. எப்படி முடியாதுன்னு சொல்றது?"

முடியாது என்று சொல்ல வேண்டாம், முறையை மாற்றுங்கள். குழந்தையைத் தரையிலிருந்து அள்ளாதீர்கள். முதலில் அவனை சோபாவிலோ கட்டிலிலோ ஏற வையுங்கள், அங்கிருந்து உடம்போடு அணைத்துத் தூக்குங்கள், தூக்கியபடி இடுப்பைத் திருப்பாதீர்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்துபோயிருக்கும், குனிந்து பாரம் தூக்கியதிலேயே முதுகெலும்பு நசுங்கியவர்கள் உண்டு. இளவயதைவிட நான்கு சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தாலோ, கூன் விழ ஆரம்பித்திருந்தாலோ எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். பிள்ளை வீட்டுக்குப் போன அம்மாக்களுக்கு நடை நின்றுவிடும், மாத்திரைச் சீட்டு வேலூரிலேயே கிடக்கும், செக்கப் தள்ளிப்போகும். மகளிடம் "காலைல ஆறரையிலிருந்து ஏழு என்னோட நேரம்" என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். பெண் புரிந்துகொள்வாள். மாப்பிள்ளை அரை மணி பேரனைப் பார்த்துக்கொண்டால் குடி முழுகிவிடாது.

"எனக்கு 53 ஆவுது, பையன் இப்பதான் ஏழாவது. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?"

உங்களுக்குத்தான் முதலில் பொருந்தும். பையனுக்கு 25 ஆகும்போது உங்களுக்கு 66. பத்து வருஷம் முன்னால் ஆரம்பிக்கிற வசதி உங்களுக்கு இருக்கிறது. கேட்டவர் கடை வைத்திருக்கிறார், ராத்திரி பதினொன்றுக்குச் சாப்பாடு, பையன் தட்டில் மிச்சம் வைத்ததும் அவர் கணக்கில். சாப்பாட்டை எட்டரைக்குக் கொண்டுவாருங்கள், மிச்சத்தை விட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பையனோடு ஷட்டில் ஆடுங்கள். புகை இருந்தால் அதை நிறுத்துவதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால்.

"நெஞ்சுல கேஸ் மாதிரி இருக்குது, சோடா குடிச்சா சரியாயிடுமில்ல?"

சரியாகவில்லை என்றால் நேரம் போய்விடும். நெஞ்சு அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ வலி, காரணம் இல்லாத வியர்வை, மூச்சு வாங்குவது, எதுவானாலும் முதலில் ஈசிஜி, பிறகு சோடா. சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் அசதியும் வாந்தியுமாகக்கூட மாரடைப்பு வரும். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தானே ஓட்டிப் போகாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் தொங்குவது, பேச்சு குழறுவது என்றால் பக்கவாதம். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வங்காளத்திலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்து நம் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிறார்கள், நாம் காந்தி நகரிலிருந்து ஆட்டோ பிடிக்க விடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

"மாஸ்டர் செக்கப் வருஷா வருஷம் பண்ணணுமா?"

பெரிய பேக்கேஜ் எல்லாருக்கும் தேவை இல்லை. பிபி, சுகர், கொழுப்பு, கிரியேட்டினின் (கிட்னிக்கான ரத்த டெஸ்ட்), சிறுநீரில் புரதம், ஹீமோகுளோபின், இவை வருஷத்துக்கு ஒரு முறை. சுகர் உள்ளவர்களுக்கு மூன்று மாதச் சராசரி சுகர் டெஸ்ட்டும் (இது வருஷத்துக்கு இரண்டு முறையாவது), விழித்திரைப் பரிசோதனையும் சேர்த்து. மெட்ஃபார்மினைப் பல வருஷமாகப் போடுகிறவர்கள் கால் எரிச்சல், மதமதப்பு இருந்தால் வைட்டமின் பி12 பார்க்கச் சொல்லுங்கள். காதும் கண்ணும் விட்டுப்போகிறவை. டிவி சத்தம் ஏறிக்கொண்டே போகிறது என்று மருமகள் சொன்னால் கோபப்படாமல் காது டெஸ்ட் எடுங்கள். ஃப்ளூ ஊசி வருஷத்துக்கு ஒன்று, நிமோனியா ஊசி, அக்கிக்கான ஊசி, இவற்றைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். பணம் பிரச்சினை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபி, சுகர் மாத்திரை இலவசம். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்தும் கொடுக்கிறார்கள், நடக்க முடியாதவர்களுக்குப் பிசியோதெரபியும் உண்டு.

"பையன் வெளிநாட்டுல இருக்கான், சொன்னா பயந்துடுவான். சொல்லாம இருக்கிறதுதானே நல்லது?"

மணிக்கட்டு உடைந்ததை நான் என் மகனிடம் பதினொரு நாள் சொல்லவில்லை. வீடியோ காலில் கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டே பேசினேன். பன்னிரண்டாவது நாள், பக்கத்து வீட்டுப் பெண் "கட்டு எப்படி இருக்குதுக்கா" என்று கேட்டபடி உள்ளே வந்தாள். அவன் திட்டவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம், தினமும் காலைக் காண்பி, கையைக் காண்பி என்று போனைத் திருப்பச் சொன்னான். நம்பிக்கை போய்விட்டது, அவ்வளவுதான்.

இப்போது பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். மாத்திரைகளின் பெயர், அளவு, எனக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து, ரத்த வகை, டாக்டர் நம்பர், பக்கத்து வீட்டு நம்பர். அதன் போட்டோ மகன் போனில் இருக்கிறது. மாத்திரை மாறினால் தாளும் மாறும்.

"டாக்டர்கிட்ட போனா பையனே எல்லாம் பேசிடறான், என்னை யாரும் கேட்கவே மாட்டேன்றாங்க. இன்னா பண்றது?"

இது நிறைய நடக்கிறது. பையன் பாசத்தில்தான் பேசுகிறான், டாக்டருக்கும் நேரம் இல்லை, நடுவில் உடம்புக்குச் சொந்தக்காரர் நாற்காலி ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போவதற்கு முதல் நாளே மூன்று விஷயங்களை உங்கள் கையால் எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். உள்ளே போனதும் முதல் ஆளாகத் தாளை டாக்டர் மேஜையில் வைத்து "இத நான் சொல்றேன்" என்று ஆரம்பியுங்கள்.

எங்கள் நடைக் கூட்டத்தில் 72 வயது அம்மா ஒருவர் அப்படிச் செய்தார். தாளில் மூன்றாவதாக "மூன்று மாதமாக ராத்திரி மாத்திரை போடுவதில்லை, போட்டால் விடியும்வரை ஆறு முறை பாத்ரூம் போகிறேன்" என்று இருந்தது. பக்கத்தில் இருந்த மகனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். டாக்டர் மாத்திரையை நிறுத்தவில்லை, காலைக்கு மாற்றி எழுதினார்.